தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீரா?

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பாலாற்றங்கரையிலிருந்தும் நொய்யல் கரையிலிருந்தும் வந்தவை. எழுதியவர்கள் தோல் ஆலைக்கும் சாய ஆலைக்கும் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. வாடை கிடையாது. ஆனால் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, தென்னையில் குரும்பை கொட்டுகிறது. வீட்டில் எல்லோரும் "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். நான்தான் பயப்படுகிறேனா?
வாசகி, வாணியம்பாடி அருகே

உங்கள் பயம் சரியானதுதான் அம்மா. பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறிப் போயிருக்கின்றன என்று பொருள். தென்னை காய்ப்பு குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உங்கள் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். கரைந்த உப்புக்கு நிறமில்லை, வாடையில்லை. ஓரளவு வரை நாக்குக்கும் தெரியாது. பழகிப்போன நாக்குக்கு இன்னும் தெரியாது.

உங்கள் ஊரில் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்த சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதனால் உப்பைக் கொட்டித் தேய்த்துத்தான் அனுப்புவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட உப்பு போகும். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முதல் வேலை அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பையும் ரத்தத்தையும் அழுக்கையும் வெளியேற்றுவது. தோலுக்காகப் போட்ட உப்பில் பெரும்பகுதி அந்த ஒரே நாளில் கழிவுநீருக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும், அப்புறம் அமிலம், அப்புறம் பதனிட குரோமியம். ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டபோதும் உப்பு இருந்தது. ஆனால் தொழில் இந்த அளவுக்குப் பெருகவில்லை, குரோமியமும் வரவில்லை.

இந்தக் கழிவுநீர் பல வருடங்களாகத் திறந்த வெளியிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் விடப்பட்டது. நிறம் மேல்மண்ணில் தங்கிவிடும். குரோமியத்தில் பெரும்பகுதியும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். உப்பு மட்டும் எங்கும் தங்காது. தண்ணீரோடு சேர்ந்து இறங்கி, நேரே உங்கள் கிணற்று ஊற்றுக்கு வந்துவிடும். தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே கெட்டுப்போவது இப்படித்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு மாதிரி கொடுங்கள். கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் ஊர் என்பதால் குரோமியத்தையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அதைப் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடு 250, வேறு வழியில்லாவிட்டால் 1000. குரோமியம் 0.05தான்; அதற்கு மேல் சலுகை கிடையாது.

மாதிரி எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கூடத்தில் இதனால் வீணாகிப்போன மாதிரிகள் ஏராளம். எண்ணெய் டப்பாவிலும் குளிர்பான பாட்டிலிலும் கொண்டுவந்து நீட்டுவார்கள். புது இரண்டு லிட்டர் கேன் வாங்குங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, காற்றிடம் இல்லாமல் வாய் வரை நிரப்பி மூடுங்கள். தேதி, நேரம், கிணற்றின் இடம், ஆழம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இந்தக் கேன் உதவாது. கூடத்திலேயே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?
வாசகர், திண்டுக்கல்

கிருமிக்குப் போதும். உப்புக்கும் நைட்ரேட்டுக்கும் குரோமியத்துக்கும் போதாது, நிலைமை இன்னும் மோசமாகும். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, கரைந்தவை பாத்திரத்திலேயே தங்குகின்றன. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே போர் போட்டிருக்கும் வீடுகளிலும், யூரியா அதிகம் போடும் வயல்களை ஒட்டிய வீடுகளிலும் நைட்ரேட் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிப் போகும். அந்தத் தண்ணீர் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவிடாமல் செய்து உதட்டை நீலமாக்கும். அந்த வீடுகளில் குழந்தைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் வையுங்கள்.

உங்கள் திண்டுக்கல்லின் பெயர் நான் மேலே சொன்ன தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கே 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அதில் பதிவாகியிருக்கிறது.

சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, "ஜீரோ டிஸ்சார்ஜ்" என்கிறார்கள். அப்புறம் ஏன் எங்கள் அப்பா ஆற்றுத் தண்ணீரை இன்னும் வயலுக்கு எடுக்கவில்லை? ஜீரோ டிஸ்சார்ஜ் என்றால் உண்மையில் என்ன?
வாசகர், சென்னிமலை அருகே

தம்பி, உங்கள் அப்பா ஒரத்துப்பாளையத்தைப் பார்த்தவர். நொய்யலின் குறுக்கே அந்த அணை 1992இல் வந்தது பாசனத்துக்காக. சில வருடங்களிலேயே அது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணீர் வந்து தேங்கும் இடமாகிவிட்டது. தனக்காகக் கட்டிய அணையின் தண்ணீரே வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்லும் நிலை வந்தது என்றால், அதைவிடப் பெரிய பரிசோதனை முடிவை எந்தக் கூடமும் தர முடியாது.

சாயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பருத்தியில் சாயம் தானாக ஏறாது. உப்புக் கரைசலில்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்குப் போகும். கருப்பு, கருநீலம், அடர் சிவப்பு போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று சோடியம் சல்ஃபேட்டோ சாதாரண உப்போ போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் நின்றுவிடும். உப்பின் வேலை அதோடு முடிந்தது, அதில் ஒரு பிடிகூடத் துணியோடு போகாது. அத்தனையும் கழிவு.

பழைய சுத்திகரிப்பு முறையில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் படியவைத்தார்கள். வெளியே வந்த தண்ணீரைப் பார்த்தால் நிறம் குறைந்திருக்கும், வாடை குறைந்திருக்கும். பார்வைக்கு வந்தவர்களுக்குத் திருப்தி. உப்பு மட்டும் வந்தபடியே போய்க்கொண்டிருந்தது. போட்ட ரசாயனத்தால் கொஞ்சம் கூடவும் செய்தது. கழிவுநீரில் டிடிஎஸ் 2100க்கு மேல் போகக்கூடாது என்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. நிறம் நீக்கும் நிலையத்தால் அந்த வரம்பைத் தொடவே முடியாது.

கடைமடையில் இருந்த நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் இதைச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிக் கெடு கொடுத்தது. கெடு போனது, மேல்முறையீடு போனது, கழிவு வருவது நிற்கவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது நீதிமன்றம். திருப்பூரே நின்றுபோன அந்த மாதங்கள் பலருக்கு நினைவிருக்கும். தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதை நான் மறக்கவில்லை. அதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. முதல் கெடுவிலேயே செய்திருந்தால் வந்திருக்கவே வேண்டாத துன்பம் அது.

இப்போது ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வருகிறேன். கழிவுநீரைப் பல கட்டமாக வடிகட்டி ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்துவார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகிப் பட்டறைக்கே திரும்பும். மிச்சம் இருப்பது அடர்ந்த உப்புக் கரைசல். அதை நீராவியில் காய்ச்சி வற்றவைத்தால் உப்பு படிகமாகும். சோடியம் சல்ஃபேட் தனியாக வந்தால் மறுபடி சாயத்துக்குப் போகும். திருப்பூரில் சில பொது நிலையங்களில் காய்ச்சாமலேயே அந்தக் கரைசலைச் சுத்தம் செய்து நேரே சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த வழிகளில் மிகவும் புத்திசாலித்தனமானது அதுதான். ஆனால் எல்லா உப்பும் இப்படித் தனித்தனியாக வருவதில்லை. கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். எதற்கும் உதவாது, வாங்க ஆளில்லை. அதைக் கூரை போட்ட கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மழையில் நனைந்தால் மறுபடி அது கழிவுநீர்தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. காய்ச்சுவதற்கு ஆகும் விறகும் மின்சாரமும் மிகப் பெரிய செலவு. சுத்திகரிப்பில் பணம் கரைவது அங்கேதான். செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிற பட்டறைக்காரருக்கு மழை நாள் இரவு வசதியாக அமைகிறது. ஆற்றில் வெள்ளம் வரும்போது திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேல், திருப்பூர், கோவை நகரங்களின் சாக்கடையும் இதே நொய்யலில்தான் கலக்கிறது. ஜீரோ டிஸ்சார்ஜ் உத்தரவு அதைத் தொடவில்லை. அணையில் இத்தனை வருடம் படிந்த வண்டலும் ஒரு மழையில் போகிற விஷயமில்லை. அப்பா எச்சரிக்கையாக இருப்பது நியாயம். ஆனால் பழைய நினைவை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், வெள்ளம் வடிந்த பிறகும் கோடையிலும் ஆற்றுத் தண்ணீரைத் தனித்தனியாகப் பரிசோதித்துப் பாருங்கள். பாசனத்துக்கு டிடிஎஸ் மட்டும் போதாது, சோடியத்தின் விகிதத்தையும் கேளுங்கள். சோடியம் கூடினால் களிமண் இறுகி, மேலே ஏடு கட்டிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, விதை முளைத்து வெளியே வராது.

குரோமியம் புற்றுநோய் வரவழைக்கும் என்கிறார்கள், ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
வாசகி, ராணிப்பேட்டை

இரண்டு வகைக் குரோமியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அதுதான் குழப்பம். டேனரியில் போடுவது மூன்று இணைதிறன் கொண்டது. பச்சை, நீலம் கலந்த நிறத்தில் இருக்கும். மண்ணில் சட்டென்று படிந்துவிடும், விஷத்தன்மை ஒப்பீட்டில் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது மஞ்சள் நிறம். தண்ணீரில் எளிதாகக் கரைந்து தூரம் போகும். புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது அது. தோலில் பட்டால் புண், மூச்சில் போனால் மூக்குத் தண்டில் ஓட்டை, நுரையீரல் பாதிப்பு.

உங்கள் ஊரின் பெரிய பிரச்சினை அந்த இரண்டாம் வகை. குரோமேட் ரசாயனங்கள் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அந்த வளாகத்திலேயே மலையாகக் கிடக்கிறது என்பது அரசு ஆவணங்களில் உள்ள செய்தி. ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து நிலத்தடிக்கு அனுப்புகிறது. அந்தப் பக்கத்தில் கிணற்றிலோ குட்டையிலோ மஞ்சள் தண்ணீர் கண்டால் தொடவே வேண்டாம், ஆடு மாட்டையும் விடாதீர்கள், பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அதே ஊரில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். மாசு என்றால் ஆறும் மீனும் மட்டும்தான் என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இந்தச் சம்பவத்தைச் சொல்வேன். தண்ணீரிலிருந்து எடுத்த விஷம் எங்கேயோ போய்விடுவதில்லை, அது கசடாக ஓரிடத்தில் சேர்கிறது. அந்தக் கசடை எங்கே வைத்திருக்கிறார்கள், எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியது, வெளியே வரும் தண்ணீரைக் கேட்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

பாலாற்றில் தண்ணீரே ஓடுவதில்லை. வறண்ட மணலில் கழிவை விட்டால் அது "ஆற்றை மாசுபடுத்துவது" ஆகுமா என்று எதிர்த்தரப்பில் கேட்கிறார்கள்.
வாசகர், குடியாத்தம்

ஆகும் ஐயா, சந்தேகமே வேண்டாம். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. நீரோட்டம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆறு உண்டு, ஓடிக்கொண்டிருந்தாலும் தற்சமயம் வறண்டிருந்தாலும் நீர்வழி உண்டு, நிலத்தடி நீரும் உண்டு. பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கரையோர ஊர்கள் பலவற்றுக்கும் குடிநீர் அந்த மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீலிடம் அந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஓடையில் திறந்துவிடுகிறார்கள். புகார் சொன்னால் மறுநாள் மதியம் அதிகாரி வருகிறார், அதற்குள் ஓடிவிடுகிறது. "ஆதாரம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார். நாங்கள் எடுத்துவைத்த பாட்டிலைக் காட்டினால் "அது செல்லாது" என்கிறார். அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது?
வாசகர், ஈரோடு மாவட்டம்

இந்த மாதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த கடிதம் இது.

அந்த அதிகாரி சொன்னதில் பாதி உண்மை. நீதிமன்றத்தில் நிற்கும் சட்டபூர்வமான மாதிரி எப்படி எடுக்கப்பட வேண்டும் என்று நீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. வாரியத்தின் அதிகாரிதான் எடுக்க வேண்டும். ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வழக்கு விழுந்துவிடும். நல்ல முடிவுகளே இந்த ஒரு குறையால் பயனற்றுப் போயிருக்கின்றன.

சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான்: உங்கள் பாட்டில் தண்டனை வாங்கித்தராது, ஆனால் அதிகாரியைச் சரியான நேரத்துக்கு வரவைக்கும். அதற்கு ஒரு பாட்டில் போதாது, பதிவேடு வேண்டும். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. ஓடையில் ஆலைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். தினமும் காலையிலும் இரவிலும் இரண்டு இடத்திலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், அளவு, அளந்தவர் பெயர், மழை பெய்ததா இல்லையா. இரண்டு பேர் முறை வைத்துச் செய்தால் அலுக்காது. மேலே 700 காட்டுகிற ஓடை கீழே 4000 காட்டினால் நடுவில் யாரோ விடுகிறார்கள். எந்தக் கிழமைகளில், எந்த மணிக்குத் திறக்கிறார்கள் என்பது கொஞ்ச நாளில் நோட்டிலேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களின் நகலோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள்: "இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் மாதிரி எடுக்கக் கோருகிறோம்." வெறும் "கழிவு விடுகிறார்கள்" என்ற புகாரைத் தள்ளிப்போட முடியும். நேரம் குறித்த புகாரைத் தள்ளிப்போட்டால் காரணம் எழுத வேண்டும்.

அப்புறம் பலருக்கும் தெரியாத ஓர் உரிமை. ஒவ்வோர் ஆலைக்கும் வாரியம் இசைவாணை கொடுக்கிறது. எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம், எந்த அளவுக்குள் என்றெல்லாம் அதில் நிபந்தனை இருக்கும். இந்த விவரங்களுக்கு வாரியம் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும், அக்கறையுள்ள எவரும் அதைப் பார்க்கலாம் என்றும் 25ஆவது பிரிவு சொல்கிறது. அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனை உள்ள ஆலை என்றால் ஓடையில் ஒரு குழாய் இருப்பதே மீறல். அப்போது தண்ணீரின் அளவைப் பற்றிய வாக்குவாதமே தேவையில்லை, குழாயைப் படம் எடுத்தால் போதும்.

வாரியம் மனசு வைத்தால் 33ஏ பிரிவில் மின்சாரத்தைத் துண்டித்து ஆலையை மூடச் சொல்லலாம். கோர்ட் படி ஏறத் தேவையில்லாத அதிகாரம் அது. வாரியம் அசையவில்லையா? 49ஆவது பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் உண்டு. அங்கே பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்பதென்றால் ஐந்து வருடம் வரை நேரம் உண்டு. எங்கே போனாலும் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரவில் தனியாகப் போகாதீர்கள், ஆலைச் சுவருக்குள் காலை வைக்காதீர்கள். பொது ஓடையும் பொதுப் பாலமும் உங்களுக்குப் போதும்.

நான் டேனரியில் சூப்பர்வைசர். உங்களைப் போன்றவர்கள் எழுதி எழுதித்தான் தொழில் முடங்குகிறது. ஆம்பூரில் எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கிறது தெரியுமா?
வாசகர், ஆம்பூர்

தெரியும் ஐயா. காலை ஷிப்டுக்கு ஷூ கம்பெனி பஸ்களில் நிறைந்து போகிற பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சம்பளத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். அவர்களே மாலையில் வீட்டுக்கு வந்து கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், சொந்தக் கிணறு இருந்தும். அந்தச் செலவு எந்த டேனரியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு தொழிலுக்கு எதிரானதில்லை. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் அது பேசுகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வின்படி அந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் வரை நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதையும் அது எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவர்தான் பாதிக்கப்பட்டவருக்கும் நிலத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகும் நிலுவை தீராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி வேலூர் டேனரிகள் விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும், கண்காணிக்க ஒரு குழு அமையட்டும் என்றது. நடுவில் போனது 28 வருடம். முதல் தீர்ப்பு வந்தபோது வயலை இழந்தவர்களில் எத்தனையோ பேர் இந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. எனக்குக் கோபம் வருவது அதை நினைக்கும்போதுதான்.

நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். ஊறப்போடுவதற்கு முன் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுக்கிறார்களா என்று பாருங்கள். சட்டகத்தின் மேல் அடித்தோ சுழலும் பீப்பாயில் போட்டோ செய்யலாம். பெரிய இயந்திரம் தேவையில்லை, கொஞ்சம் கூலியும் கொஞ்சம் பொறுமையும் போதும். அப்படித் தட்டி எடுத்த ஒவ்வொரு கிலோ உப்பும் தண்ணீரில் கரையாமல் தப்பிய உப்பு. பின்னால் காய்ச்சி எடுக்க விறகு செலவழிக்க வேண்டாத உப்பு. முதல் ஊறல் தண்ணீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனி வாய்க்காலில் விடுங்கள். உங்கள் ஷிப்டில் நீங்கள் சொன்னால் நடக்கும். நடந்தால் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே முதலில் போடுகிறேன்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா? எப்படி எழுதுவது?
வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

உண்டு. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 ஆகிய நாட்களும் இருக்கின்றன. "ஆலைகளை மூட வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதைச் செய்யும் அதிகாரம் சபைக்கு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: ஊராட்சியில் உள்ள எல்லாக் குடிநீர் ஆதாரங்களையும், சர்வே எண்ணோடு குறிப்பிட்டு, டிடிஎஸ், குளோரைடு, நைட்ரேட், குரோமியம் ஆகியவற்றுக்கு கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும், வரம்பு மீறிய கிணறுகளுக்கு மாற்றுக் குடிநீர் தர வேண்டும், முடிவின் நகலை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறிய பிறகு நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலை மனுவோடு இணைத்துக் கொடுத்து, ரசீது எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.